வெல்டருக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள், மகனை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா?

கேள்வி: லால்குடி பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கரில் வாழை போடுகிறேன். மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணிதத்தில் 48, இயற்பியலில் 62, வேதியியலில் 66. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 112 வருகிறது. லீவில் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் போய்வந்தவன், ஐ.டி.ஐ.யில் வெல்டர்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பட்டறைக்காரரும், "நல்ல வெல்டர் கிடைக்காமல் அல்லாடுகிறோம், தாராளமாகச் சேருங்கள்" என்கிறார். என் மச்சானோ ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவில் மேனேஜ்மென்ட் சீட் பேசி 10,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். "நம்ம குடும்பத்தில் முதல் இன்ஜினியர் வேண்டாமா? வெல்டருக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?" என்று கேட்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது. என்ன செய்யட்டும்?

பதில் (தொழிற்சாலை அப்ரண்டிஸ் பயிற்சிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):

ஐயா, மச்சான் பேசி வைத்திருக்கும் சீட்டை முதலில் பார்த்துவிடுவோம். அதற்குத்தான் அவசரம்.

கட்-ஆஃப் 112 இருக்கும் பையனுக்கு மேனேஜ்மென்ட் சீட் தேவையே இல்லை. கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடிந்த பிறகும் பல கல்லூரிகளில் மெக்கானிக்கல், சிவில் இடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. சுயநிதிக் கல்லூரிகளுக்கு 2017இல் அரசு நிர்ணயித்த கட்டணம், கலந்தாய்வு வழியில் வந்தால் ஆண்டுக்கு 50,000 அல்லது 55,000 ரூபாய். மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் 85,000 அல்லது 87,000. உங்கள் வீட்டில் பட்டதாரி இல்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் அது கலந்தாய்வில் போனால்தான் கிடைக்கும். ஆக, பையனை இன்ஜினியரிங்கில்தான் சேர்ப்பது என்று முடிவு செய்தாலும் அந்தச் சீட் உங்களுக்கு வேண்டாம்.

சரி, கலந்தாய்வில் போய் மெக்கானிக்கல் எடுக்கலாமா? என் யோசனை: இவன் விஷயத்தில் வேண்டாம். 112 எடுத்தவன் மட்டமானவன் என்று நான் சொல்லவில்லை. இன்ஜினியரிங்கில் முதல் வருடத்திலிருந்தே கணிதம் விடாது துரத்தும். அதில் 48 எடுத்து, அதன்மேல் விருப்பமும் இல்லாதவன் முதல் செமஸ்டரிலேயே மேத்ஸ் அரியர் வைத்து, அதைச் சுமந்துகொண்டே நாலு வருடம் நடப்பதை எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கல்லூரி நல்லதாக இருந்தால் கைதூக்கி விடுவார்கள். கடைசிச் சுற்றிலும் இடம் காலியாக இருக்கிற கல்லூரியில் அதை எதிர்பார்க்க முடியாது. அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. மச்சான் சொல்லும் கல்லூரிக்கு அதில் என்ன எண் இருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவர் பையனின் நல்லதுக்குத்தான் அலைகிறார். எண்ணைப் பார்த்தால் அவருக்கே புரியும்.

இனி பட்டறைக்காரர் சொன்னது. 'ஆள் கிடைக்கவில்லை' என்று அவர் சொல்வது உண்மை. ஆனால் எந்த ஆள் என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் மகன் வெல்டர் சான்றிதழோடு அடுத்த வருடம் அவர் வாசலில் போய் நின்றால், 'கொஞ்ச நாள் ஹெல்ப்பராக இரு தம்பி' என்றுதான் சொல்வார். அவர் தேடுவது குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தி வைத்து, தான் சுற்றி வந்து, கீழே படுத்தும் மேலே எக்கியும் ஒரே சீராகப் பற்றவைக்கிறவரை. 6ஜி டெஸ்ட் என்பது அதுதான். அந்தப் பற்றுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு காற்றுக்குமிழி இருந்தாலும் ஃபிலிமில் தெரியும். குறை அளவை மீறினால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அந்தச் செலவு பட்டறையின் தலையில் விழும். பாய்லர் குழாய், பிரஷர் வெஸல் வேலை எடுக்கும் பட்டறைகளுக்கு இந்த ஆள்தான் பொன். இப்படி ஒருவர் தயாராக ஐ.டி.ஐ. முடித்து நாலைந்து வருடமாவது ஆகும், அதுவும் நல்ல மேஸ்திரியின் கீழ் இருந்தால். நாடு முழுக்கப் பேசுகிற பற்றாக்குறை இந்த ஐந்தாம் வருட ஆளுக்குத்தான். முதல் வருட ஆளுக்குப் பற்றாக்குறை எதுவும் இல்லை, ஐயா. வேலை தேடி அலையும் பி.இ. பட்டதாரிக்கும் வெறும் ஐ.டி.ஐ. சான்றிதழ்க்காரனுக்கும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அந்த நடுவருடங்கள் ஒல்லியானவை என்பதைப் பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் தோட்டத்தில் தார் வெட்ட வருகிறவரின் கூலிக்குக் கூட அவனுடைய ஆரம்பச் சம்பளம் எட்டாமல் போகலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் ட்ரெய்னி, கான்ட்ராக்ட் என்று பெயர் வைத்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிடுகிற கம்பெனிகள் உண்டு. அங்கே ஒரே போல்ட்டை ஒரே இடத்தில் நாள் முழுக்க முறுக்கிவிட்டு வருகிறவன் கையில் எந்தத் தொழிலும் ஏறாது. ஆள் இல்லை என்று மேடையில் புலம்புகிற முதலாளிகளைப் பார்த்து எனக்கு அடிக்கடி கேட்கத் தோன்றுவது இதுதான்: நீங்கள் எத்தனை பேரை நிரந்தரமாக வைத்து ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்தீர்கள்?

திருச்சியே இதற்குச் சாட்சி. பெல் என்கிற மத்திய அரசின் பாய்லர் ஆலையை நம்பித்தான் துவாக்குடி, திருவெறும்பூர் பட்டறைகள் வளர்ந்தன. 2010களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது இந்தப் பட்டறைகள் வரிசையாக முடங்கின. தேர்ந்த வெல்டர்கள் வளைகுடாவுக்கும் குஜராத்துக்கும் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை, அவர்கள் இடத்துக்கு இளையவர்களை யாரும் பழக்கவும் இல்லை. வேலை இல்லாத வருடங்களில் விதைக்காமல் விட்டதைத்தான் இன்று பற்றாக்குறை என்கிறார்கள். நாளைக்கு ஆர்டர் மறுபடி குறையலாம். அதனால் ஒரே ஊரை, ஒரே வகை வேலையை மட்டும் நம்பி மகன் தொழில் கற்கக் கூடாது. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உயர்கல்வியில் சேரும் வயதில் இருப்பவர்களில் தமிழ்நாட்டில் 47 சதவீதம் பேர் கல்லூரிக் கணக்கில் வருகிறார்கள் என்கிறது 2021-22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வறிக்கை. நாட்டின் சராசரி 28.4. அதே நேரம், நாடு முழுக்க 15 முதல் 29 வயதுக்காரர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம்தான் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை சொல்கிறது. யாரிடமாவது கூடமாட இருந்து கற்றுக்கொண்டவர்கள் 16.6 சதவீதம். நம் ஊரில் தொழில் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. கை நன்றாக ஓடும். டிராயிங், அதாவது வேலைக்கான வரைபடம், வாசிக்கத் தெரியாது, கையில் ஒரு தாளும் இருக்காது. அதனால் எவ்வளவு திறமை இருந்தாலும் சம்பளம் ஒரு இடத்தில் நின்றுவிடும்.

மச்சானின் கோபத்தை வெறும் கௌரவப் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் அப்பன் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றார்கள். குலக்கல்வி என்று தமிழ்நாடே கொதித்தது. மறு வருடம் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்து அதை ரத்து செய்தார். 'உன் பிள்ளைக்குக் கைத்தொழில் போதும்' என்று யாராவது சொன்னால் நமக்குச் சுருக்கென்று தைப்பதற்கு இந்த வரலாறு காரணம். தைக்கத்தான் வேண்டும். படிப்பு மறுக்கப்பட்ட வீடுகளில் ஒரு டிகிரி என்பது வேலைக்கான சீட்டு மட்டுமில்லை. ஊர் நடுவில் நிமிர்ந்து உட்கார அதுதான் இடம் வாங்கிக் கொடுத்தது. கைத்தொழிலைப் புகழ்ந்து மேடையில் பேசுகிற பெரிய மனிதர்கள் தங்கள் பிள்ளைகளை ஐ.டி.ஐ.க்கு அனுப்புவதில்லை என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது வேறு. பையன் அப்பன் தொழிலுக்குத் தள்ளப்படவில்லை. வாழைத்தோட்டத்தை விட்டு, தானே பார்த்து ஆசைப்பட்ட ஒன்றுக்குப் போகிறான். மேலே படிக்கும் வழியையும் அடைக்காமல் விட்டால் மச்சானின் பயத்துக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

எனவே ஐ.டி.ஐ. சரி. வெல்டர்தானா என்பதில்தான் எனக்கு மாற்றுக்கருத்து.

வெல்டர் ஒரு வருடப் பிரிவு. எட்டாம் வகுப்பு முடித்தவர்களே சேரலாம். ஃபிட்டர் இரண்டு வருடம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பிளஸ் டூவில் அறிவியல் படித்தவன் ஃபிட்டர் எடுப்பதே நல்லது. முதல் மாதங்கள் சலிப்பாக இருக்கும். வைஸில் இரும்பைப் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள், கை கொப்புளிக்கும். ஆனால் டிராயிங் வாசிக்க, வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் அளந்து பார்க்க, இரண்டு பாகங்களை ஒன்றுக்குள் ஒன்று இழைந்து போகிற மாதிரி பொருத்த அங்கேதான் பழகுவான். ஆர்க், கேஸ் வெல்டிங்கின் அடிப்படையும் ஃபிட்டர் பாடத்திட்டத்திலேயே வருகிறது. ஃபேப்ரிகேஷன் பட்டறையில் டிராயிங்கைப் பார்த்து எதை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்கிறவர் ஃபிட்டர். வெல்டர் பற்றவைப்பது அதற்குப் பிறகுதான்.

ஒரு சின்ன விவரம், பலருக்குத் தெரியாது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு ஐ.டி.ஐ. போதும். ஆனால் அதற்கான பிரிவுகளின் பட்டியலில் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக் எல்லாம் உண்டு, வெல்டர் கிடையாது. கதவு எங்கே எத்தனை திறக்கும் என்பதையும் பார்த்துத்தானே பிரிவு எடுக்க வேண்டும்?

உடம்பையும் நினைத்துப் பாருங்கள். வெல்டிங் புகை, குனிந்தே இருக்கிற முதுகு, மறைப்பு இல்லாமல் ஆர்க்கைப் பார்த்துவிட்டால் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் கொட்டின மாதிரி உறுத்தல். முகக்கவசம், தோல் கையுறை, காற்றோட்டம் எல்லாம் சரியாக இருந்தால் சமாளிக்கலாம். சிறு பட்டறைகளில் ஒரு கண்ணாடியை நாலு பேர் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். ஐம்பது வயதில் குழாய்க்கு அடியில் படுக்க முடியாமல் போகும்போது, டிராயிங் தெரிந்தவன் மேற்பார்வைக்கோ இன்ஸ்பெக்‌ஷனுக்கோ நகர்ந்துவிடுவான். பற்றவைக்க மட்டும் தெரிந்தவனுக்கு அந்த வழி இருக்காது. வெல்டிங் மேல்தான் உயிர் என்று அவன் சொன்னால் ஃபிட்டர் முடித்த பிறகு செய்யட்டும். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, பெல் வளாகத்தில், 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வெல்டர்களுக்கான தனிப் பயிற்சிகளும் அங்கே உண்டு. இதற்காக வேறு மாநிலங்களிலிருந்து திருச்சிக்கு வருகிறார்கள்.

மச்சான் உடனே கேட்கப் போகிற கேள்வி: அதே இரண்டு வருடத்தில் டிப்ளமோ முடிக்கலாமே? முடிக்கலாம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு சேரலாம். அங்கிருந்து பி.இ. இரண்டாமாண்டுக்கும் நேரடியாகப் போகலாம். கணக்கில் கொஞ்சம் பிடிப்பு இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டாமாண்டில் குதிக்கிறவனுக்கு முதலாமாண்டுப் பட்டறைப் பழக்கம் இருக்காது. பாடமும் எழுத்தும்தான் கூட. கையால் செய்து பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்கிற பையன்கள் முதலில் ஐ.டி.ஐ., அப்புறம் டிப்ளமோ என்று போய் நன்றாக வந்திருக்கிறார்கள். ஐ.டி.ஐ. இரண்டு வருடம் முடித்தவர்களுக்கும் டிப்ளமோ இரண்டாமாண்டுச் சேர்க்கை உண்டு. இந்த ஏணியில் எந்தப் படியும் வீணாகாது, நாலு வருடத்துக்குப் பதில் ஏழு வருடம் ஆகலாம், அவ்வளவுதான். (கோவையில் 1945இல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாயிருந்த ஜி.டி. நாயுடு, நான்கு வருடப் படிப்பே வீண், இரண்டு வருடம் போதும் என்று அரசோடு மல்லுக்கட்டி, அது எடுபடாமல் விலகிவிட்டார். அவர் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் மச்சானிடம் சொல்லி வையுங்கள்.)

எந்த ஐ.டி.ஐ. என்பதுதான் பாதி விஷயம். அரசு ஐ.டி.ஐ. கிடைத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும், உங்களுக்குத் திருவெறும்பூர் பக்கம். கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, சைக்கிள் என்று அரசு கொடுக்கிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்களே, அது ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி என்றாலும் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்திருந்தால் கிடைக்கும், அந்தச் சான்றைப் பள்ளியில் இப்போதே வாங்கிவிடுங்கள். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தினார்கள். கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின், ரோபோ எல்லாம் அங்கே வந்திருக்கின்றன. மெஷின் வந்தால் போதுமா, சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டும். அதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வேலைநாளில், காலை பதினொரு மணி வாக்கில், மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆபீஸ் அறையில் உட்காராமல் பட்டறைப் பக்கம் நடங்கள். லேத்துகளுக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, கூலன்ட் ஈரம் இருக்கிறதா? வெல்டிங் தடுப்புகளில் எரிந்து மிஞ்சிய ராடு துண்டுகள் தொட்டியில் குவிந்திருந்தால் பையன்கள் நிஜமாகவே பழகுகிறார்கள். எல்லா மெஷினும் பெயின்ட் அடித்துப் பளபளவென்று, தரை துடைத்து வைத்தாற்போல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மூன்றாம் வருடப் பையன் யாராவது கண்ணில் பட்டால், அதாவது முடித்துவிட்டு அப்ரண்டிஸ் போனவன், அவனிடம் எங்கே போனாய் என்று கேளுங்கள். தனியார் ஐ.டி.ஐ. என்றால் அந்த நிலையத்துக்கு மட்டுமில்லை, நீங்கள் சேர்க்கிற அந்தப் பிரிவுக்கே மத்திய அரசின் அங்கீகாரம் (என்.சி.வி.டி. என்பார்கள்) இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி நடக்கிற பயிற்சி முடிந்து தேர்வெழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். பெல், பொன்மலை ரயில்வே பணிமனை என்று உங்களுக்கு பஸ் தூரத்திலேயே இடங்கள் இருக்கின்றன. உதவித்தொகை குறைவுதான், வேலை நிரந்தரம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் மாட்டார்கள். ஆனால் ரயில்வேயின் லெவல்-1, அதாவது அடிநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அதைவிடப் பெரிய லாபம், பத்து வகை வேலையைப் பத்து மேஸ்திரிகளிடம் பார்ப்பது. ஒரே ஊர், ஒரே வேலையை நம்பக் கூடாது என்று மேலே சொன்னதற்கு மருந்து இதுதான். அசெம்பிளி லைனில் இதைவிட இரண்டாயிரம் மூவாயிரம் கூடத் தருகிறேன் என்று யாராவது கூப்பிடுவார்கள். போக வேண்டாம்.

வளைகுடா ஆசையும் ஒருநாள் வரும். அப்போது பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும்தான் அவர்கள் வாங்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிந்து வைக்கலாம்.

பெண் கொடுப்பார்களா என்று மச்சான் கேட்டிருக்கிறார். இருபத்திரண்டு வயதில் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், பி.இ. முடித்து வேலையில்லாமல் வீட்டில் இருப்பவனுக்கும் கொடுக்க மாட்டார்கள். இருபத்தெட்டில் கேட்டால் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்பதோடு எங்கே வேலை, எவ்வளவு வருகிறது என்றும் விசாரிப்பார்கள். அதற்குள் டிப்ளமோவும் போட்டுவிட்டால் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட ஒன்று கிடைக்கும். அதற்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது, இப்போதே அடித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: அரசு ஐ.டி.ஐ. ஆன்லைன் விண்ணப்பத்தில் ஃபிட்டரை முதலிலும் மெஷினிஸ்ட், டர்னர் பிரிவுகளை அடுத்தும் குறியுங்கள். வெல்டரைக் கடைசியில் போட்டால் பையனும் சமாதானமாவான். டிப்ளமோ இரண்டாமாண்டுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள், ஐ.டி.ஐ.யைப் பார்த்துவிட்டு வந்து அவன் மனம் மாறினால் உதவும். மச்சான் அந்தக் கல்லூரியில் அசல் மதிப்பெண் சான்றிதழோ டி.சி.யோ கொடுத்திருந்தால் உடனே திரும்ப வாங்குங்கள். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கிற ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. முன்பணத்துக்கும் அதே விதிதான் துணை. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. இடம் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் பெற்றுக்கொண்டு, மீதி 9,000 ரூபாயைக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் அது வராது.